அப்கிரேட் பாதியில் நின்ற லேப்டாப்: ஃபைல்களை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு ஏற்ற வேண்டிய நிலை பலருக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். முடியாமல் நடுவில் நின்றுபோனால் பதற்றத்தில் நாம் அழுத்துகிற ஏதோ ஒரு பட்டன்தான் பல நேரம் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது. உறவினர்களும் நண்பர்களும் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: சிஸ்டத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முதலில் ஃபைல்கள் வெளியே வரட்டும்.

அப்கிரேட் நடுவில் நின்றுவிட்டது. என் ஃபைல்கள் எல்லாம் போய்விட்டனவா?

அநேகமாக இல்லை. அப்கிரேட் நடக்கும்போது பழைய சிஸ்டம் ஃபைல்கள் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்கு ஒதுக்கப்படுகின்றன, அந்த இடத்தில் புதியவை வந்து உட்காருகின்றன. உங்கள் படங்கள், ஆவணங்கள் இருக்கும் 'யூசர்ஸ்' ஃபோல்டரை அது அழித்து எழுதுவதில்லை. லேப்டாப் திறக்கவில்லை என்றால் கதவின் பூட்டு மக்கர் செய்கிறது என்று பொருள். உள்ளே சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்கும்.

விதிவிலக்கு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு, சிலருடைய ஃபைல்களை உண்மையிலேயே அழித்தது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில ஃபைல்களை விட்டுவைத்திருந்தவர்கள் அவர்கள். பழைய இடத்தை வெறும் நகல் என்று எண்ணி அப்கிரேட் துடைத்துவிட்டது. நான்கே நாளில் வெளியீட்டை நிறுத்தி, பிழையைத் திருத்தி, நவம்பர் 13-ல்தான் மறுபடி விட்டார்கள். இப்படி நடப்பது அரிது. ஆனாலும் வேறு எங்கும் நகல் இல்லாத ஒரே ஒரு படம் உள்ளே இருந்தால்கூட, கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

சதவீதம் நகரவே இல்லை. எவ்வளவு நேரம் பொறுப்பது?

சார்ஜரைச் செருகிவிட்டு, மவுஸ், பென் டிரைவ், பிரின்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு மினுக்கினாலோ, விசிறி ஏறி இறங்கிச் சத்தம் கொடுத்தாலோ உள்ளே வேலை நடக்கிறது. முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். விளக்கும் அசையாமல், எண்ணும் அசையாமல் மூன்று நான்கு மணி நேரம் தாண்டிவிட்டால்தான் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணைக்கலாம்.

ஒரு திரையில் மட்டும் கையே வைக்காதீர்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிக்கொண்டிருப்பதாக, மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லும் திரை அது. தோற்றுப்போன அப்கிரேட் தன் சாமான்களைத் தானே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அப்போது அணைத்தால் இரண்டும்கெட்டான் நிலையில் மாட்டிக்கொள்வோம்.

திரை கறுப்பாக இருக்கிறது, விசிறி மட்டும் ஓடுகிறது.

விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) மட்டும் புதிதாகத் தொடங்கும். சில நேரம் படம் உடனே வந்துவிடும். வராவிட்டால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜர் போட்டு ஆன் செய்து பாருங்கள்.

திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. மீட்புத் திரைக்கு எப்படிப் போவது? அங்கே எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

விண்டோஸ் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று முறை தோற்றால் மீட்புத் திரை தானாகவே வரும். வரவில்லை என்றால் நாமே வரவழைக்கலாம்: ஆன் செய்து, லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இதை மூன்று முறை செய்தால் அடுத்த முறை நீலப் பின்னணியில் மீட்புத் திரை வந்து நிற்கும். அதில் 'டிரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பெரும்பாலும் தீங்கில்லாதது, ஒரு முறை ஓடவிடலாம். 'கமாண்ட் பிராம்ப்ட்' நமக்கு வேண்டியது, அதற்கு அடுத்தடுத்த கேள்விகளில் வருகிறேன். தொடவே கூடாதது 'ரீசெட் திஸ் பிசி'. அது முதல் வரிசையிலேயே, அழகான எழுத்தில், இதைத்தான் அழுத்த வேண்டும் என்பதுபோல இருக்கும். ஃபைல்களை வெளியே எடுக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவில்லையே?

அது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) கேட்கும் மீட்புக் கீ. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பில் நுழைந்திருந்தால், பல மாடல்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். நாம் எதையும் செய்ததாக நினைவிருக்காது. தொடங்கும் முறை மாறியதை அப்கிரேட் நேரத்தில் பாதுகாப்புச் சிப் கவனித்து, யாரோ கைவைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு எண்ணைக் கேட்கிறது.

மொபைலில் பிரவுசரைத் திறந்து, லேப்டாப்பில் பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். ஒரு பேப்பரில் எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி சரிபாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் கீ அங்குள்ள ஐடி துறையிடம் இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று மின்னஞ்சல் கணக்குகள் புழக்கத்தில் இருந்தால் எல்லாவற்றிலும் தேடுங்கள். முதன்முதலில் லேப்டாப்பைச் செட்டப் செய்து கொடுத்த தம்பியின் கணக்கில் கீ கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கீ எங்குமே இல்லை என்றால் நேர்மையான பதில் ஒன்றுதான்: அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

மீட்புத் திரையிலிருந்தே ஃபைல்களைக் காப்பி எடுக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகப் பிடித்த வழி இது, ஏனென்றால் இன்னொரு கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒரு பென் டிரைவ் போதும்.

என் அக்காவின் லேப்டாப் இப்படித்தான் ஓர் இரவு நின்றுபோனது. அவள் மகள் பேசப் பழகிய நாட்களில் பதிவு செய்த குரல்கள் அத்தனையும் அதில் மட்டும்தான் இருந்தன. பார்த்த முதல் ஆள், 'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லியிருந்தார். அக்கா அழாத குறை. 'ஒரு ராத்திரி பொறு, நான் வருகிறேன்' என்றேன்.

மீட்புத் திரையில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்' மெனு, 'ஓப்பன்'. வரும் சிறு ஜன்னலின் கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து ஃபைல்கள் மட்டும்தான் தெரியும். இப்போது அந்தச் சின்ன ஜன்னல்தான் உங்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். இடப்பக்கம் 'திஸ் பிசி'யைத் தட்டினால் டிரைவ்கள் வரிசையாக வரும். மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி ஆகவோ ஈ ஆகவோ நிற்கும். எதற்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரும் அதற்குள் உங்கள் பெயரும் இருக்கிறதோ அதுதான்.

ஃபோல்டர் மேல் வலது கிளிக், 'காப்பி'. பென் டிரைவுக்குள் போய் வெறுமையான இடத்தில் வலது கிளிக், 'பேஸ்ட்'. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை வராது. ஜன்னல் உறைந்ததுபோல அப்படியே நிற்கும். அன்றிரவு நான் இருபது நிமிடம் பென் டிரைவின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மினுக்குவது நின்று, ஜன்னல் உயிர் பெற்று, பாப்பாவின் பெயரிட்ட ஃபோல்டர் அங்கே தெரிந்தபோது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சில எச்சரிக்கைகள். எக்ஸ் என்ற எழுத்தில் ஒரு டிரைவ் தெரியும், அது மீட்புத் திரையின் தற்காலிக இடம். அதில் போட்டது எதுவும் ரீஸ்டார்ட்டுக்குப் பின் இருக்காது. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பெரிய வீடியோக்கள் இருந்தால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். 'காப்பி' மட்டும்தான், 'கட்' வேண்டவே வேண்டாம்.

மீட்புத் திரையே வரவில்லை. வேறு வழி?

லினக்ஸ் பென் டிரைவ். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றான இலவச சிஸ்டங்கள்) இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற கருவி கொண்டு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும், எனவே வெற்றாக ஒன்றை எடுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12, எஸ்கேப், எஃப்9 என்று கம்பெனிக்குத் தகுந்த ஒரு கீயைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் 'டிரை' என்பதை அழுத்துங்கள், 'இன்ஸ்டால்' அல்ல. முழு சிஸ்டமும் பென் டிரைவிலிருந்தே ஓடும். லேப்டாப் டிஸ்க்கில் நீங்களாக எழுதாதவரை அது எதையும் எழுதாது.

ஃபைல் மேனேஜரில் லேப்டாப்பின் டிஸ்க்கைத் தட்டி, 'யூசர்ஸ்' வழியே போய், இன்னொரு வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் இப்போதைய உபுண்டு பதிப்புகள் கீயைக் கேட்கும். 48 இலக்கங்களையும் நடுவிலுள்ள கோடுகளோடு அடியுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறுமுன் வரும் அமைப்புத் திரை) 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. அணைத்தால் பிட்லாக்கர் மறுபடி கீ கேட்கும், எனவே கீ கையில் இல்லாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள்.

லினக்ஸில் டிஸ்க் திறக்கிறது, ஆனால் 'படிக்க மட்டும்' என்கிறது. பிரச்சினையா?

இல்லை, நல்லதுதான். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால் டிஸ்க் பாதித் தூக்கத்தில் இருக்கிறது, அதனால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கிறது. நமக்கு வேண்டியது படிப்பதுதானே. அதை மாற்ற முயலாமல் காப்பியை முடியுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் டிஸ்க்கே தெரியவில்லை. டிஸ்க் செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். 11-வது தலைமுறை இன்டெல் பிராசசரும் அதற்குப் பிந்தையதும் உள்ள பல லேப்டாப்களில் விஎம்டி என்ற சேமிப்பு முறை இயங்குகிறது. அதற்கான இன்டெல் டிரைவர் இல்லாவிட்டால் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் தெரிந்துவிடும். லினக்ஸ் பென் டிரைவில் அதே டிஸ்க் தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போடலாமா?

கழற்றக்கூடியது என்றால் தாராளமாக. பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல சாட்டா டிஸ்க், புதியவற்றில் சூயிங்கம் பட்டை அளவிலான எம்.2 எஸ்எஸ்டி. இரண்டுக்கும் யுஎஸ்பி உறைகள் கிடைக்கின்றன. வாங்குமுன் எம்.2 பட்டை என்விஎம்இ வகையா, சாட்டா வகையா என்று ஸ்டிக்கரில் பாருங்கள், உறை பொருந்த வேண்டும். மலிவு லேப்டாப்களின் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பும் இன்றைய மேக்புக்களின் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை, அவற்றில் இந்த வழி இல்லை.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போதாதா?

போதாது. ஆட்கள் பிறகு வருந்துவது எல்லாம் அவற்றுக்கு வெளியே இருப்பவைதான். முடிந்தால் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் உங்கள் பெயருள்ளதை முழுதாக எடுங்கள். அதற்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில்தான் பிரவுசர் புக்மார்க்குகள், தண்டர்பேர்டு மின்னஞ்சல்கள், பல மென்பொருள்களின் அமைப்புகள் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் ஃபோல்டரை எடுத்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். குரோம் அப்படி அல்ல. அது பாஸ்வேர்டுகளை விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டிவைக்கிறது, ஃபோல்டரைக் காப்பி எடுத்தாலும் வேறு கணக்கில் திறக்காது. கூகுள் கணக்கோடு இணைத்திருந்தால் அங்கிருந்து திரும்ப வரும். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சொல். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். புது சிஸ்டத்தில் அவை இல்லாவிட்டால் பத்து ஆண்டு உழைப்பும் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று நெஞ்சு அடைக்கும். எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிடும்.

எடுத்து முடித்ததும் பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது வேறு, திறப்பது வேறு.

ஃபைல்கள் வந்துவிட்டன. இப்போது சிஸ்டத்தை எப்படிச் சரிசெய்வது?

எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள். மீட்புத் திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும், அதில் கடைசி ஃபீச்சர் அப்டேட்டை (பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட்) நீக்கிப் பாருங்கள். பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். இல்லாவிட்டால் 'சிஸ்டம் ரீஸ்டோர்', பிறகு அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் சேஃப் மோட். விண்டோஸ் ஒருவாறு திறந்துவிட்டால் 10 நாள்வரை 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெகவரி', 'கோ பேக்' வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதன் பிறகு 'விண்டோஸ்.ஓல்டு' தானே நீங்கிவிடும்.

பிழை எண்ணின் தொடக்கத்தில் சி1900101 என்று இருந்தால் பெரும்பாலும் டிரைவர் தகராறு. பழைய ஆன்டிவைரஸ், பழைய கிராஃபிக்ஸ் அல்லது வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு முயலுங்கள். 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்றால் சேமிப்பு டிரைவர் அல்லது பயாஸில் டிஸ்க் முறை மாறியிருக்கிறது.

நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபைல்களையும் புரோகிராம்களையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மேலே போடும் வழி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து செட்டப்பைத் திறந்தால்தான் கிடைக்கும். பென் டிரைவிலிருந்து நேராகத் தொடங்கினால் அது புது இன்ஸ்டால்தான். அப்போதும் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவு) அழிக்காமல், ஃபார்மட் செய்யாமல் அதே இடத்தில் போட்டால் பழையவை 'விண்டோஸ்.ஓல்டு'க்குள் போய்ச் சேரும். 'டெலீட்' அழுத்தினால் சேராது.

'கீப் மை ஃபைல்ஸ்' என்று ரீசெட்டில் இருக்கிறதே, அதை நம்பலாமா?

அது சொன்னபடி செய்யும் கருவிதான். யூசர் ஃபோல்டரை வைத்துக்கொண்டு புரோகிராம்களை எல்லாம் நீக்கும். என் தயக்கம் வேறு. ஏற்கெனவே ஒரு பெரிய எழுத்து வேலை பாதியில் தோற்ற டிஸ்க்கில், இன்னொரு பெரிய எழுத்து வேலையைத் தொடங்குகிறோம். அதுவும் பாதியில் நின்றால்? நகல் கையில் இருக்கிறது என்றால் தைரியமாகச் செய்யுங்கள். இல்லை என்றால் வேண்டாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

அப்கிரேட் முடிந்து உள்ளே போய்விட்டேன், ஆனால் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தற்காலிக புரொஃபைல். உங்கள் கணக்கு சரியாக ஏற்றப்படாமல் விண்டோஸ் ஒரு வெற்றுக் கணக்கைக் கொடுத்திருக்கும். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாம் அங்கேதான். ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்தாலே சரியாகலாம். அதுவரை அந்தக் காலி டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் மறைந்துவிடும். இரண்டாவது, 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டருக்குள் இருக்கும் 'யூசர்ஸ்'. மூன்றாவது, ஒன்டிரைவ். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சத்தமில்லாமல் ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்திருக்கலாம். பிரவுசரில் நுழைந்து பாருங்கள், ரீசைக்கிள் பின் உட்பட. தனிநபர் கணக்கில் அழித்தவை அங்கே 30 நாள் இருக்கும்.

ஐயோ, ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டார்கள். ஏதாவது வழி உண்டா?

இந்த நொடியே லேப்டாப்பை அணையுங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு அப்டேட்டும் உங்கள் பழைய ஃபைல் இருந்த இடத்தின் மேல் விழலாம்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவிகளால் தேடலாம். மீட்கும் ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் வேறொன்றில் சேமியுங்கள். ஃபோட்டோரெக் ஃபைல்களின் உள்ளடக்கத்தைப் பார்த்து எடுப்பதால் பழைய பெயர்கள் வராது. ஆயிரக்கணக்கான படங்கள் எண்களோடு வந்து நிற்கும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடங்கள் எவை என்று 'டிரிம்' என்ற கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அது தன் வேகத்துக்காக அவற்றை உள்ளேயே துடைத்துக்கொள்கிறது. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அப்போது தேட வேண்டிய இடங்கள் வேறு: மொபைல், பழைய மின்னஞ்சல் இணைப்புகள், நண்பர்களுக்கு அனுப்பிய படங்கள், கிளவுட் குப்பைத் தொட்டி.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, காப்பி ஆமை வேகத்தில் போகிறது.

அப்கிரேட் கெடுக்கவில்லை, டிஸ்க் ஏற்கெனவே நோயாளி. டிஸ்க் முழுக்கப் படித்து எழுதும் கடும் வேலையில் அது வெளிப்பட்டுவிட்டது. 'செக்டிஸ்க்' என்ற விண்டோஸ் சோதனைக் கருவியை ஓட்டாதீர்கள், பலவீனமான டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள். டிஸ்க் ஒத்துழைத்தால் லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழு பிம்பமாக (டிஸ்க் முழுவதன் அச்சு நகல்) எடுக்கலாம். கெட்ட இடங்களைத் தாண்டி நல்லவற்றை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பி வரும் கருவி அது. சத்தம் தொடர்ந்தால் அணைத்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். வீட்டில் டிஸ்க் மூடியைத் திறக்கவே கூடாது.

மேக்புக்கில் இதே நிலை வந்தால்?

ஆப்பிள் சிலிக்கான் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள், தொடக்க விருப்பங்கள் வரும். இன்டெல் என்றால் கமாண்டும் ஆரும். அங்கிருந்து மேக்ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்வது உங்கள் ஃபைல்களை அழிக்காது, டிஸ்க் யூட்டிலிட்டியில் 'இரேஸ்' அழுத்தினால்தான் அழியும். அதற்கு முன், ஆப்பிள் சிலிக்கான் என்றால் 'ஷேர் டிஸ்க்' மூலம் கேபிள் போட்டு இன்னொரு மேக்கில் ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே எழவில்லை என்றால் இன்னொரு மேக்கை வைத்து 'ரிவைவ்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. 'ரிவைவ்' ஃபைல்களைத் தொடாது, 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழிக்கும். சர்வீஸில் கொடுக்கும்போது இந்த வித்தியாசத்தை வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

லினக்ஸ் அப்கிரேட் நடுவில் கரண்ட் போய்விட்டது.

தொடங்கும்போது வரும் கிரப் என்ற தொடக்க மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். உபுண்டுவின் ரெகவரி மெனுவில் உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்யும் வழி இருக்கிறது. 'டைம்ஷிஃப்ட்' என்ற பேக்கப் கருவி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாமாகச் சேர்க்காவிட்டால் அது நம் ஃபைல்கள் இருக்கும் 'ஹோம்' ஃபோல்டரைச் சேமிப்பதில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

'ஃபைல் வேண்டும், ஃபார்மட் செய்யாதீர்கள்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த ஆள் ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது. பிட்லாக்கர் கீ எழுதிய பேப்பரைக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி அப்கிரேட் செய்யப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. வெளி டிஸ்க்கில் ஃபைல்களின் நகல், அதோடு கிளோன்ஜில்லா அல்லது ரெஸ்க்யூஜில்லா கொண்டு முழு டிஸ்க்கின் பிம்பம், இரண்டையும் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், கீயைத் தாளில் எழுதிவையுங்கள். சி டிரைவில் தாராளமாக இடம் விடுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டும் பேக்கப் அல்ல, ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

மீட்டு எடுத்த நகலை எப்போது அழிக்கலாம்?

புது சிஸ்டத்துக்கு எல்லாம் வந்து சேர்ந்து, இரண்டு மாதமாவது அதில் வேலை செய்து, 'அது எங்கே போச்சு' என்று தேடியவை எல்லாம் கிடைத்த பிறகு. அதற்குள் இன்னொரு டிஸ்க்குக்கும் நகல் போயிருக்க வேண்டும், ஏனென்றால் பென் டிரைவ் பல ஆண்டு கிடப்பில் கிடந்தால் அதில் எழுதியது மெல்லத் தேயும். அக்காவின் பென் டிரைவை நாங்கள் அழிக்கவே இல்லை. தேதி எழுதி ஒட்டி என் மேசை டிராயரில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துச் செருகி, பாப்பாவின் ஃபோல்டரில் நாலு ஃபைலைத் திறந்து, குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறேன்.